எண்பதுகளின் தில்லியை நகைச்சுவை ஸ்கிட்டாக மேடையேற்றுவது எப்படி?

மயூர்விஹார்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மயூர் விஹாரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வசிக்கும் தமிழ்க் குடும்பங்கள் சில ஒன்றுசேர்ந்து, வரும் பொங்கல் விழாவுக்காக நகைச்சுவை ஸ்கிட்டுகள் தயாரித்துவருகிறோம். 1980களில் தில்லித் தமிழர்கள் வாழ்ந்த வாழ்க்கைதான் கருப்பொருள். ஒவ்வொரு ஸ்கிட்டும் ஐந்தாறு நிமிடம், மொத்தம் அரை மணி நேரம். எழுதும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டிருக்கிறது. சர்க்கார் குவார்ட்டர்ஸ், டிரங்க் கால் (எக்ஸ்சேஞ்சில் பதிவு செய்து காத்திருந்து பேசும் வெளியூர்த் தொலைபேசி அழைப்பு), கேஸ் இணைப்புக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்தது, எல்.டி.சி.யில் (அரசு ஊழியருக்கான விடுப்புப் பயணச் சலுகை) தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறி ஊருக்குப் போனது, ஞாயிறு பிற்பகலில் தூர்தர்ஷன் காட்டிய மாநில மொழிப் படம் என்று விஷயத்துக்குப் பஞ்சமில்லை.

முதல் வாசிப்பின்போது அறுபதைக் கடந்தவர்கள் ஏதேனும் ஒரு பழைய பொருளின் பெயரைக் கேட்ட மாத்திரத்திலேயே சிரித்துவிட்டார்கள். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளோ மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், யாரும் சிரிக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. டிரங்க் கால் என்ற சொல்லே அவர்களுக்கு எதையும் நினைவூட்டாதபோது, அந்தச் சொல்லை மேடையில் உச்சரிப்பதால் மட்டும் அவர்களுக்குச் சிரிப்பு எப்படி வரும்? அந்தக் காலத்தை வாழாதவரையும் சிரிக்கவைக்கும்படி ஒரு பழைய பத்தாண்டைக் காட்டுவதற்கு வழி என்ன என்பது என் முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி இதைவிடக் கடினமானது. தில்லியின் எண்பதுகள் என்றால் அதற்குள் சீக்கியர்கள் கொல்லப்பட்ட 1984 நவம்பரும் இருக்கிறது. விழா மேடையில் அதைத் தொடவே கூடாது என்று எங்களில் பலர் சொல்கிறார்கள். ஆனால் பஞ்சாபி அண்டை வீட்டாரோடு நாம் எவ்வளவு இணக்கமாக வாழ்ந்தோம் என்று ஒரு ஸ்கிட் முழுக்கக் காட்டிவிட்டு, அந்த அண்டை வீட்டாருக்கு நேர்ந்ததைப் பற்றி வாயே திறக்காமல் இருப்பது எனக்கு உறுத்துகிறது. மேடை அனுபவம் உள்ளவர்களும், அந்தக் காலத்தை இங்கேயே வாழ்ந்தவர்களும் தங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

மேடைப்பழகி

வணக்கம். அமெச்சூர் நாடகங்களில் நெடுநாள் நடித்தும் சிலவற்றை இயக்கியும் வந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

பழைய காலத்தை நினைத்து ஏங்கும் மனத்தையே நகைச்சுவையாக்கிய ஒன்றை முதலில் சொல்கிறேன். பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் 1967இல் ஒளிபரப்பான 'அட் லாஸ்ட் தி 1948 ஷோ' என்ற நிகழ்ச்சியில் வந்த ஸ்கிட் அது. இப்போது வசதியாக இருக்கும் யார்க்ஷயர்க்காரர்கள் நால்வர் உட்கார்ந்து, தத்தம் இளமையில் பட்ட வறுமையைச் சொல்லத் தொடங்குவார்கள். ஒருவர் சொன்னதை அடுத்தவர் மிஞ்சுவார். வறுமையே பெருமையாகி, கடைசியில் யாராலும் நம்ப முடியாத பொய்களில் போய் நிற்கும். யார்க்ஷயர் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்களும் இன்றுவரை அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பழைய பொருள் எதையும் நம்பி அந்த ஸ்கிட் எழுதப்படவில்லை. 'நான்தான் அதிகம் பட்டேன்' என்று நிரூபிக்க நால்வரும் படும் பாடுதான் சிரிப்பு. அந்தப் போராட்டத்தைப் புரிந்துகொள்ள வயது ஒரு தடையில்லை. அமெரிக்காவில் 2011இல் தொடங்கிய 'போர்ட்லாண்டியா' என்ற நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடரின் முதல் பகுதியிலும் இதே சூட்சுமம் இருக்கிறது. தொண்ணூறுகளின் கனவு போர்ட்லண்ட் நகரத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பாடுகிறார்கள். அந்தப் பாட்டில் அடுக்கப்படும் பழக்கங்கள் நமக்கு அந்நியம். ஆனால் வயதாகியும் பொறுப்பேற்க விரும்பாத மனிதர்களை எந்த ஊர்க்காரருக்கும் தெரியும்.

ஆகவே உங்கள் ஸ்கிட் ஒவ்வொன்றிலும் யாருக்கு என்ன வேண்டும், அது கிடைக்காமல் எது தடுக்கிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எண்பதுகளில் தடைக்குக் குறைவே இல்லை. தொலைபேசிக்கு வரிசை, கேஸுக்கு வரிசை, ஸ்கூட்டருக்கு வரிசை, குவார்ட்டர்ஸ் ஒதுக்கீட்டுக்கு வரிசை. ஆசைப்படும் மனிதனைக் காத்திருக்கவைத்தால் நாடகம் தானாகப் பிறக்கிறது. அந்தப் பத்தாண்டு உங்களுக்குத் தரும் சொத்து அந்தக் காத்திருப்புதான். பொருட்கள் அதற்குப் பின்னால் வரட்டும்.

டிரங்க் காலையே எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணம், அவசரம், மின்னல் என்று மூன்று வகையாகப் பதிவு செய்யலாம். வேகம் கூடக்கூடக் கட்டணமும் ஏறும். பேச்சு மூன்று மூன்று நிமிடமாகக் கணக்கிடப்படும். இது தெரியாத இளைஞருக்கு ஒரே வசனத்தில் விதியைச் சொல்லிவிடலாம். விதி தெரிந்துவிட்டால் பிறகு சிரிப்புக்கு வயது கிடையாது. மகளுக்குக் குழந்தை பிறந்த செய்தியைத் திருச்சியிலிருக்கும் சம்பந்தியிடம் சொல்ல வேண்டும். பிளாக்கிலேயே ஒரே ஒரு தொலைபேசி, அதுவும் மேலதிகாரியின் வீட்டில். இணைப்புக் கிடைத்ததும் பாட்டி ரிசீவரை வாங்கி, எதிர்முனையில் இருப்பவர் வீட்டில் ஒவ்வொருவருடைய சௌக்கியத்தையும் பெயர் சொல்லி விசாரிக்கிறார். தாத்தா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்கிறார். பாட்டியிடமிருந்து ரிசீவரைப் பிடுங்க முடியாது; மேலதிகாரி பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறந்தது ஆணா பெண்ணா என்பது சொல்லப்படுவதற்குள் மூன்று நிமிடம் முடிந்துவிடுகிறது. அடுத்த மூன்று நிமிடத்துக்குப் பணம் கொடுப்பதா வேண்டாமா என்ற குடும்ப வாதம்தான் உங்கள் உச்சம். இங்கே கருப்பு நிறத் தொலைபேசியைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டிய தேவையே இல்லை.

ஞாயிறு பிற்பகல் படத்துக்கும் இப்படி ஒரு வழி உண்டு. தேசிய ஒளிபரப்பில் மொழிக்கு ஒரு வாரமாக, பெரும்பாலும் விருது பெற்ற படங்களையே போடுவார்கள். தமிழின் முறை எப்போது வரும் என்று தில்லித் தமிழர்கள் காத்துக் கிடந்தார்கள். அந்த முறை வந்துவிட்டது. பிளாக் முழுவதும் ஒரே கூடத்தில் கூடியாயிற்று. பாட்டும் சண்டையும் எதிர்பார்த்து வந்தவர்களுக்கு முன்னால், வசனம் அரிதாகவே வரும் மெதுவான கலைப்படம் ஒன்று ஓடுகிறது. தமிழுக்கு இத்தனை மாதம் ஏங்கியவர்கள் 'இது பிடிக்கவில்லை' என்று சொல்லும் துணிவை இழந்து, ஒருவரையொருவர் பார்த்து மெச்சிக்கொள்கிறார்கள். கீழே வரும் ஆங்கில வரிகளைப் படித்தபடி, படத்தில் உண்மையாகவே கரைந்து அழுபவர் பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள் ஒருவர்தான். படம் தமிழருடையது என்பதால் அவர் கேட்கும் சந்தேகங்களுக்கெல்லாம் நம்மவர்கள் விளக்கம் சொல்லியாக வேண்டும். அவர்களுக்கோ படம் புரியவில்லை. உச்சக்காட்சியில் மின்சாரம் போகட்டும். 'முடிவு என்ன?' என்று அந்த அம்மாள் கேட்கும்போது ஆளுக்கொரு முடிவு சொல்லட்டும்.

இன்னொன்றையும் கவனத்தில் வையுங்கள். அந்தக் காலத்தில் இருந்தபடியே அந்தக் காலத்தைக் கிண்டல் செய்தவர்கள் இருந்தார்கள். நகைச்சுவைக் கலைஞர் ஜஸ்பால் பட்டியின் 'ஃபிளாப் ஷோ' 1989இல் தூர்தர்ஷனிலேயே பத்துப் பகுதிகளாக வந்தது. செத்துக் கிடக்கும் தொலைபேசி, ஒப்பந்ததாரரின் கலப்படம், ஆய்வு மாணவனை வீட்டுவேலைக்காரனாக்கும் பேராசிரியர் என்று அன்றைய எரிச்சல்கள் அனைத்தும் அதில் உண்டு. அவர் அந்தத் தொலைபேசியைப் பார்த்து உருகவில்லை. அது வேலை செய்யவில்லை என்று கோபப்பட்டார். இன்று நாம் அதே தொலைபேசியை அன்போடு பார்க்கிறோம் என்றால், அது இனி நம்மைப் படுத்தாது என்ற நிம்மதியே காரணம். அந்தக் கோபத்தில் ஒரு பங்கையாவது உங்கள் ஸ்கிட்டுகளில் தக்கவைத்தால் இளைஞர்கள் உங்களோடு வருவார்கள். இன்றைய செயலியிடமும் சேவை மைய எண்ணிடமும் மாட்டிக்கொண்டு அவர்கள் படும் எரிச்சலும் அதே ஜாதிதானே.

1984 பற்றிய கேள்விக்கு மற்றவர்கள் சொல்வதைக் கேட்ட பிறகு எழுதுகிறேன்.

ஆர்.கே.புரம் ஓய்வூதியர்

மேடைப்பழகி ஐயா சொல்வது சரி; ஆனால் பொருட்களை முழுவதும் ஒதுக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சரியான பொருள் மேடையில் இருந்தால் நடிகரின் உடல்மொழியே மாறிவிடும். பால் விஷயத்தைப் பாருங்கள். தில்லி பால் திட்டத்தின் கண்ணாடிப் புட்டிக்கு மேல் மெல்லிய உலோகத்தாள் மூடி இருக்கும். காலிப் புட்டியைத் திருப்பிக் கொடுத்துத்தான் புதியதை வாங்க வேண்டும். மதர் டெய்ரியிலோ டோக்கனைப் போட்டுப் பாத்திரத்தைக் குழாய்க்கு அடியில் பிடிக்க வேண்டும். அந்த டோக்கன் பால் இன்றும் கிடைப்பதால் உங்கள் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் அது தெரிந்திருக்கும். இரண்டு தலைமுறைக்கும் பொதுவான அப்படிப்பட்ட பொருளை முதல் ஸ்கிட்டில் வைத்தால் அரங்கம் ஒன்றாகச் சிரித்துத் தொடங்கும்.

உச்சி வெயிலில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் தேடியதையும், முத்ரிகா பேருந்தில் ஏறி வளையச் சாலையை முழுச் சுற்று சுற்றி வந்ததையும் சேர்த்துக்கொள்ளலாம். எல்.டி.சி. ஸ்கிட்டில் சாப்பாட்டு வரிசை மாறிவிடக் கூடாது: முதலில் மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, பிறகு தயிர்சாதம், மறுநாளைக்குத் தாங்கும்படி புளியோதரை. எதிர் இருக்கைக்காரர் பூரியை நீட்டும்போது அப்பா முதலில் மறுப்பார். நாக்பூர் தாண்டியதும் அவரே புளியோதரையை நீட்டுவார்.

இன்னொன்றையும் வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் ஸ்கிட்டுகள் நடக்கும் இடங்களில் பல இன்று இல்லை. சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் உள்ளிட்ட ஏழு குவார்ட்டர்ஸ் குடியிருப்புகளை மறுசீரமைக்க 2016இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2018இல் அங்கே மரங்களை வெட்டுவதை எதிர்த்து மக்கள் திரண்டார்கள், உயர்நீதிமன்றமும் தலையிட்டது. நாங்கள் கட்டில் போட்டுப் படுத்த வாசல் புல்வெளியையும் அதன் நாவல் மரத்தையும் இனி மேடையில்தான் காட்ட முடியும். பின்திரையில் அந்த மஞ்சள் சுவரை வரைவதற்கு ஓவியரிடம் பழைய புகைப்படங்களைக் கொடுங்கள். கற்பனைக்கு விட வேண்டாம்.

ஜங்புராவில் வளர்ந்தவள்

எல்லோருக்கும் வணக்கம். நான் எண்பதுகளைப் பார்த்தவள் இல்லை. இந்த உரையாடலில் சொல்லப்படும் தில்லித் தமிழர் யார் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

குவார்ட்டர்ஸ், எல்.டி.சி., மேலதிகாரி வீட்டுத் தொலைபேசி என்று நீங்கள் சொல்வதெல்லாம் மத்திய அரசு ஊழியர் குடும்பத்தின் நினைவுகள். அதே ஆண்டுகளில், அந்தக் குடும்பங்களிலும் அவற்றைப் போன்ற பல வீடுகளிலும் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து, சமைத்துக் கொடுத்த தமிழ்ப் பெண்கள் இந்த நகரத்தில் இருந்தார்கள். ஜங்புராவில் பாரபுல்லா வாய்க்காலை ஒட்டியிருந்த மதராஸி கேம்ப் அவர்களுடைய ஊர். உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1ஆம் தேதி அது இடிக்கப்பட்டது. அங்கிருந்த குடும்பங்களில் ஒரு பகுதிக்குத்தான் நரேலாவில் வீடு ஒதுக்கப்பட்டது. நரேலா நகரத்தின் வடகோடியில் இருக்கிறது. வீட்டுவேலை கிடைத்த தெருக்களோ தெற்குத் தில்லியில். ஒவ்வொரு நாளும் அவ்வளவு தூரம் பேருந்தில் வந்து இரண்டு மூன்று வீடுகளில் வேலை செய்துவிட்டுத் திரும்புவது எளிதா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஓய்வூதியர் ஐயா நாவல் மரத்துக்காக வருந்துவது எனக்குப் புரிகிறது, அந்த வருத்தத்தில் நானும் பங்கு கொள்கிறேன். அதே மேடையில் இந்த இடிபாட்டுக்கும் ஓர் இடம் வேண்டும் என்பதே என் வேண்டுகோள். இதற்காகச் சோகமான ஸ்கிட் எழுதச் சொல்லவில்லை. அந்தப் பெண்களுக்கு இருந்த நகைச்சுவை உணர்வு அபாரமானது. ஒரே காலையில் நான்கு வீடுகளுக்குள் போய்வருகிறவருக்கு, நான்கு வீட்டுச் சண்டையும் தெரியும், நான்கு வீட்டுக் காப்பியின் தரமும் தெரியும். டிரங்க் கால் ஸ்கிட்டில் மேலதிகாரி வீட்டுச் சமையலறையில் ஒரு தமிழ் அக்கா இருக்கட்டும். குழந்தை ஆணா பெண்ணா என்பதை, தாத்தா பாட்டிக்கு முன்பாகவே மருத்துவமனை ஆயாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவர் அவராக இருக்கட்டும். மேலதிகாரி, தாத்தா, பாட்டி மூவரும் அவரிடம் கெஞ்சும் நிலை வரட்டும். அப்போது என்னைப் போன்றவர்களின் பாட்டிமாரும் அந்த அரங்கத்தில் உட்கார்ந்து சிரிப்பார்கள்.

1984 குறித்து என் எண்ணம் இது. இந்திரா காந்தி கொல்லப்பட்ட அக்டோபர் 31க்குப் பிறகான சில நாட்களில் தில்லியில் மட்டும் 2,733 சீக்கியர்கள் கொல்லப்பட்டதாக அரசின் கணக்கே சொல்கிறது. உங்கள் மயூர் விஹாருக்குப் பக்கத்துத் திரிலோக்புரி அந்தக் கொலைகள் மிக மோசமாக நடந்த இடங்களில் ஒன்று. விழாவுக்கு வருபவர்களில் சிலர் அந்தத் தெருக்களைக் கடந்துதான் வருவார்கள். அதைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் அந்தக் காலம் எவ்வளவு நல்ல காலம் என்று கைத்தட்டுவதை என்னால் ஏற்க முடியாது.

மயூர்விஹார்வாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சமையலறை அக்கா பாத்திரம் கட்டாயம் வருகிறார். அவரைச் சேர்த்து டிரங்க் கால் ஸ்கிட்டை மறுபடி எழுதத் தொடங்கிவிட்டேன்.

திரிலோக்புரியைப் பற்றிச் சொன்னது மனத்தில் தைத்தது. எங்கள் குழுவில் ஒரு பெரியவர் தந்த செய்தி ஒன்றைப் பகிர்கிறேன். 1985 மே மாதத்தில் தில்லியில் பேருந்துகளிலும் பொது இடங்களிலும் டிரான்சிஸ்டர் வடிவில் வைக்கப்பட்ட குண்டுகள் வெடித்தன. அதற்குப் பிறகு, கேட்பாரற்றுக் கிடக்கும் எந்தப் பொருளையும் தொடாதீர்கள் என்ற எச்சரிக்கை இந்த நகரத்தில் எங்கும் கேட்கும் வழக்கமாகிவிட்டது. நாங்களோ டிரான்சிஸ்டரை வைத்து, இலங்கை வானொலி கேட்கும் இனிமையான ஸ்கிட் ஒன்றை எழுதி வைத்திருக்கிறோம். இரண்டையும் எப்படிச் சேர்ப்பது, அல்லது சேர்க்கவே கூடாதா?

மேடைப்பழகி

சேர்க்கலாம், ஆனால் குண்டையும் கொலையையும் வைத்துச் சிரிப்புத் தேட வேண்டாம், அவற்றை வைத்து அழவைக்கவும் வேண்டாம். ஒரு ஸ்கிட்டின் நடுவே மனிதர்களின் பழக்கம் மாறிவிட்டதைக் காட்டினாலே போதும்.

வானொலி ஸ்கிட்டை இரண்டாகப் பிரியுங்கள். முதல் பாதி 1983. டி.டி.சி. பேருந்தில் ஒருவர் டிரான்சிஸ்டரைக் காதோடு வைத்துக் கிரிக்கெட் கேட்கிறார். கபில் தேவின் அணி உலகக் கோப்பையை வென்ற ஆண்டு அது என்பதால் ஸ்கோர் கேட்டு நச்சரிக்காதவர்களே இல்லை. சர்தார்ஜி ஒருவர், தமிழர் ஒருவர், கண்டக்டர் மூவரும் அந்தச் சிறு பெட்டிக்காக முட்டி மோதுகிறார்கள். இறங்கும் அவசரத்தில் உரிமையாளர் பெட்டியை இருக்கையிலேயே விட்டுவிட்டுப் போக, அதை அவரிடம் சேர்ப்பிக்க மூவரும் பேருந்தையே நிறுத்தி ஓடுகிறார்கள். இதில் எவ்வளவு வேண்டுமானாலும் சிரிக்கவைக்கலாம், தாராளமாக நேரம் கொடுங்கள்.

இரண்டாம் பாதி 1985 கோடை. அதே பேருந்து, அதே கண்டக்டர், அதே தமிழர். சர்தார்ஜியின் இருக்கை காலி. யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன டிரான்சிஸ்டர் ஒன்று பாடிக்கொண்டிருக்கிறது. ஒருவரும் அதன் அருகில் போகவில்லை. கண்டக்டர் விசில் அடித்து எல்லோரையும் இறக்கிவிடுகிறார். அந்தக் காலி இருக்கை பற்றித் தமிழர் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும், கண்டக்டர் பதில் சொல்லாமல் டிக்கெட் பையை மூடட்டும். விளக்கவுரை, பின்னணி இசை, அறிவிப்பு எதுவும் சேர்க்காதீர்கள். இரண்டாம் பாதி ஒன்றரை நிமிடத்தைத் தாண்டக் கூடாது.

சர்தார்ஜியாக நம்மவர் ஒருவருக்குத் தலைப்பாகை கட்டி, உடைந்த தமிழ் பேசவைத்துக் கேலி செய்யும் பழைய வழக்கம் ஒன்று நம் விழா மேடைகளில் உண்டு. அதைத் தவிர்த்துவிடுங்கள். உங்கள் குடியிருப்பிலேயே சீக்கிய நண்பர்கள் இருப்பார்கள். அவர்களில் ஒருவரை அழைத்துக் கதையை முழுவதும் சொல்லி, இரண்டாம் பாதி உட்பட அவருக்குச் சம்மதம் என்றால் மட்டும் அந்தப் பாத்திரத்தை அவரிடம் கொடுங்கள். அவர் தம் இயல்பான பஞ்சாபியிலேயே பேசட்டும். தில்லிப் பார்வையாளர்களுக்கு அது புரியும்.

நிகழ்ச்சி வரிசையில் இந்த ஸ்கிட்டைக் கடைசியாக வைக்காதீர்கள். மூன்றாவதாக வைத்து, அதன் பிறகு டிரங்க் கால் வரட்டும். சமையலறை அக்கா மேடைக்கு வந்து முதல் வசனம் பேசும்வரை அரங்கம் அமைதியாகத்தான் இருக்கும். அந்த முதல் வசனத்தை மிக வலுவாக எழுதுங்கள், அதைப் பேசுவதற்கு உங்கள் குழுவிலேயே சிறந்த நடிகையைத் தேர்ந்தெடுங்கள். முழு ஒத்திகை ஒன்றைக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு மட்டும் நடத்திக் காட்டி, அவர்கள் சிரிக்காத வசனங்களை அடுத்த நாளே வெட்டிவிடுங்கள்.